பனியும் இலவும்

(தை மாத மாலை ஒன்றில், மயிலாடும்பாறை வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கண்டமனூரைத் தாண்டி, கடமலைக்குண்டு வழியாக நம் ஊருக்கு வருகிற பஸ்ஸில் இந்த மாதத்தில் ஒரு வெளியூர்க்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார். "என்னண்ணே, இத்தனை மரமும் பட்டுப்போச்சா?" சாலைக்கு இரண்டு பக்கமும் தோட்டங்களில் இலவமரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு, கொம்புகளை அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து ஸீட்டில் இருப்பவர் கடமலை-மயிலை ஒன்றியத்துக்காரராக இருந்தால் சிரித்துக்கொண்டே, "பட்டுப்போகலண்ணே, பனிக்கு உதிர்ந்திருக்கு" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போவார்.

அந்தப் பதிலில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். நம் ஊரில் மரங்கள் இலை உதிர்ப்பது குளிருக்குப் பயந்து அல்ல. மழை நின்றுவிட்டது, மண்ணில் இருக்கிற ஈரத்தை வைத்து அடுத்த மழைவரை ஓட்டியாக வேண்டும் என்று ஒவ்வொரு மரமும் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற கணக்கு அது. ஆனால் எல்லா மரமும் ஒரே கணக்கைப் போடுவதில்லை. உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் நாலைந்து மரங்களை மார்கழியிலிருந்து பங்குனி வரை விடாமல் பார்த்தால், உங்கள் நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும் என்பது போர்வெல் போடுகிறவர் சொல்வதைவிட நிதானமாகத் தெரியும். போர்வெல்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பனிக்காலம் எது என்பதிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. அவர்கள் கணக்கில் குளிர்காலம் என்பது சனவரி, பிப்ரவரி மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆக மார்கழி பாதி மழைக்காலத்தில் போய்விடுகிறது. தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. நம் உடம்புக்குத் தெரிகிற பனிக்காலம் இந்த நாலு மாதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பங்குனி வெயிலில் நின்றுகொண்டு பனி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதே பங்குனியின் விடிகாலையில் வாசலில் படுத்து எழுந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

தொல்காப்பியர் இதற்கு மேலும் ஒன்று செய்தார். கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குக் கொடுத்தவர், பின்பனியைப் பாலைக்குக் கொடுத்தார். பாலைக்கு வேனில் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு பின்பனியும் பாலைக்கு உரியது என்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இது ஏதோ பொருந்தாத ஏற்பாடு போலத் தோன்றும்: பனிக்கும் பாலைக்கும் என்ன உறவு? இங்கே வந்து மாசி மாதத்தில் தங்கம்மாள்புரத்துக்கு மேலே உள்ள கரட்டைப் பாருங்கள். விடிகாலையில் பனி, பகலில் உதிர்ந்த இலையும் வெறுங்கொம்பும் புழுதியும். மழை இல்லாத மாதம் என்கிற ஒரே காரணம் இரண்டையும் பிறப்பிக்கிறது. வானத்தில் மேகம் இல்லாததால் இரவு குளிர்கிறது. அதே மேகம் இல்லாததால் மண் காய்கிறது. பனியும் வறட்சியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

குளிர் நாடுகளிலும் இதே கதைதான் வேறு முகத்தோடு நடக்கிறது. அங்கே நிலத்துத் தண்ணீர் உறைந்துபோவதால் வேருக்குக் கிடைப்பதில்லை. இங்கே உறைபனி என்றால் ஊட்டி போன்ற உயர்ந்த மலைகளில்தான் பார்க்க வேண்டும். நமக்குத் தண்ணீர் உறைவதில்லை, தீர்ந்துபோகிறது.

நம் பள்ளத்தாக்கின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேற்கே மேகமலை. கிழக்கே ஆண்டிபட்டி, வருசநாட்டுக் குன்றுகள்; அந்தப் பக்கம் இறங்கினால் மதுரை மாவட்டம். நடுவில் மூல வைகை வடக்கு நோக்கி ஓடுகிறது. தேனி மாவட்டத்துக்குள்ளேயே நமக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியது. அது லோயர் கேம்ப் வழியாகக் கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கம் இறங்கியது. மேகமலையின் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு மலையின் மழை வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்துக்கு வரவில்லை. நமக்கு இருப்பது நம் மலையில் பெய்கிற மழை, நம் மூல வைகை, நம் கிணறு. ஆகவே பனிக்காலத்தில் அங்கே பச்சை தொடர்கிறது, இங்கே இலை உதிர்கிறது. நடுவில் ஒரே ஒரு மலைதான்.

கம்பத்துத் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்பதுதான். பிரான்சிலும் இத்தாலியிலும் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடியை உறங்க வைக்கிற அளவுக்குக் குளிர் கிடையாது. அந்த வேலையைக் கவாத்துக் கத்தரி செய்கிறது. விவசாயி கொடியை வெட்டிவிட்ட தேதிதான் அந்தக் கொடிக்குப் பனிக்காலம். தண்ணீரும் கத்தரியும் கையில் இருந்தால் பருவத்தை மனிதன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். இலவமரத்துக்கு அப்படி யாரும் செய்வதில்லை. அதனால்தான் பருவத்தைப் படிக்க வேண்டுமென்றால் திராட்சைத் தோட்டத்துக்குப் போகாதீர்கள், இலவந்தோப்புக்குப் போங்கள் என்கிறேன்.

இலவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நமக்குச் சோறு போடுகிற மரம், ஆனாலும் நாம் அதை உற்றுப் பார்ப்பது பங்குனியில் காய் பறிக்கும்போது மட்டும்தான். பஞ்சுக்காக நாம் வளர்க்கிற இந்த மரம் வெளியிலிருந்து வந்தது. இதன் சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்காவும் மேற்கு ஆப்பிரிக்காவும். சிவப்புப் பூ பூத்துக் காட்டில் நிற்கிற செவ்விலவு நம் மண்ணின் மரம். இது வெள்ளைப் பூ. எங்கிருந்து வந்தாலும் நம் ஊர் மழையின் கணக்கை நன்றாகவே படித்துக்கொண்டது.

ஒரு இலைக் காம்பில் ஏழெட்டு இலைகள் கைவிரல் போல விரிந்திருக்கும். மழை நின்று மண் இறுகத் தொடங்கியதும் மரம் முதலில் அந்த இலைகளில் இருக்கிற சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இலை மஞ்சளாவது அப்போதுதான். பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டாகி, காற்றில்லாமலேயே கழன்று விழும். இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிற நுண்துளைகள் வழியாகத்தான் மரம் தண்ணீரை விடுகிறது. இலையே இல்லையென்றால் செலவும் இல்லை. இதற்காக மரம் பட்டினி கிடப்பதில்லை. இளங்கொம்புகளின் பட்டையைப் பாருங்கள், பச்சையாக இருக்கும். இலை செய்கிற வேலையில் ஒரு சிறு பங்கைப் பட்டையே செய்துகொள்கிறது.

இலை போன பிறகுதான் பூ. இது தற்செயல் அல்ல. இலவம்பூ ராத்திரியில் விரியும். அதைத் தேடி வருவது வௌவால். இலை மறைக்காத வெறுங்கொம்பில் கொத்துக்கொத்தாகப் பூ இருந்தால்தான் வௌவாலுக்கு வசதி. இரவு வந்து தேனைக் குடித்துவிட்டு மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. விடிந்ததும் அந்தப் பூவில் மிச்சமிருக்கிற தேனுக்குத் தேனீயும் அணிலும் மைனாவும் சண்டை போடும். காலையில் தோப்பில் உதிர்ந்து கிடக்கிற வெள்ளைப் பூவைப் பார்க்கிற நாம் வௌவாலைப் பார்ப்பதில்லை. பட்டணத்திலிருந்து வருகிற சில பேர் வௌவாலை விரட்டிவிடச் சொல்கிறார்கள். வௌவால் வராத ஆண்டில் தலையணைக்குப் பஞ்சு எங்கிருந்து வரும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மார்கழி, தையில் பூத்தது மாசியில் காயாகி, பங்குனி, சித்திரையில் முற்றும். வெயிலும் காற்றும் உச்சத்துக்கு வருகிற நேரம் அது. பறிக்காமல் விட்டால் காய் மரத்திலேயே வெடித்துப் பஞ்சு பறக்கும். விதையைக் காற்றில் அனுப்பி, மழைக்கு முன்னால் எங்காவது தரையில் உட்காரவைக்க வேண்டும் என்பது மரத்தின் திட்டம். பருத்தியில் பஞ்சு விதையின் மேல் முளைக்கிறது. இலவில் காயின் உள்சுவரில் முளைக்கிறது, விதை சும்மா உள்ளே உருண்டு கிடக்கும். ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகு பூசினது போல வழவழப்பு. நூலாகத் திரிக்க லாயக்கில்லை. ஆனால் தண்ணீரில் முங்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைகளுக்குள் அடைத்தது இந்தப் பஞ்சைத்தான். நம்மிடமிருந்து அது போடி பேட்டைக்குப் போகிறது, அங்கிருந்து மெத்தைக்கும் தலையணைக்கும். காய் பிடிக்கும்போதே மரத்தைப் பார்த்து மொத்தமாக விலை பேசுகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் பனிக்காலத்தை நம் எல்லோரையும்விடக் கவனமாகப் பார்க்கிறவர்கள். தையில் எந்தக் கொம்பு இலையை விடாமல் வைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரே மரத்தில் பூக்கிற கொம்பு இலையைக் கொட்டிவிடும், பூக்காத கொம்பு சில சமயம் பச்சையாகவே நிற்கும். பச்சையைப் பார்த்து நமக்குச் சந்தோஷம். வியாபாரி அதைக் கழித்துத்தான் விலை சொல்வார். இலவு காத்த கிளிக்கு இது தெரிந்திருந்தால் பழமொழியே பிறந்திருக்காது.

சரி, இலவை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் வருவோம்.

வேலியோரத்து ஒதியன் இலவைப் போலவே முழுசாக உதிர்த்துவிடும்; துளிர்க்க நாளாகும். வாகை இலையைக் கொட்டிவிட்டு, காய்ந்த நெற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு காற்றடிக்கும்போதெல்லாம் சலசலக்கும். வேம்பு அவசரப்படாது. மாசியில் பழுத்து உதிர்க்கும், ஆனால் மொட்டையாக நிற்காது. ஒரு பக்கம் உதிரும்போதே இன்னொரு பக்கம் செந்தளிர் வந்துவிடும். வேம்பின் வேர் ஆழம் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. புளி அதைவிடக் கெட்டி. சின்னச் சின்ன இலையைப் பொடிபோலத் தூவிவிட்டு உடனே புதிதாக உடுத்திக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் பழமும் உலுக்குகிறோம். ஆற்றங்கரை மருதத்தைப் பாருங்கள், தையிலும் அடர்ந்த பச்சை. மூல வைகை மேலே மணலாகத் தெரிந்தாலும் மருதத்தின் வேருக்கு ஊற்று தெரியும். உங்கள் வீட்டு வேம்பு பக்கத்து வீட்டு வேம்பைவிட முன்னதாகவே உதிர்த்தால், அந்த மரத்துக்கு வியாதி என்று முடிவு செய்வதற்கு முன்னால் அடியில் பாறை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பெயரிலேயே பாறை இருக்கிறது.

சீமைக்கருவேலைப் பற்றி ஒரே வார்த்தை. ஆண்டு முழுவதும் ஒரே முகம் காட்டுகிற மரம் அது. அதனிடம் பருவம் கேட்டுப் பயனில்லை.

தென்னை இலை உதிர்க்கிற மரம் அல்ல என்று நினைக்கிறோம். மாதம் ஏறத்தாழ ஒரு மட்டையாக அது உதிர்த்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு மட்டையும் விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு வடு. அந்த வடுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். நல்ல மழை ஆண்டுகளில் இடைவெளி அகலம். வறட்சியில் நெருக்கம், சில மரங்களில் தண்டே அந்த இடத்தில் ஒடுங்கியிருக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதை அடுத்து வந்த கோடையில் எத்தனை தென்னை கொண்டை சாய்ந்தது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பிப் பிழைத்த மரங்களின் தண்டில் அந்த ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தடவிப் பாருங்கள்.

குளிருக்கு நம் ஊரில் வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாமரம் தையில் பூ எடுக்கிறதே, அதற்கு இரவின் குளுமை வேண்டும். குளுமை போதாத ஆண்டில் பூவுக்குப் பதில் வெறும் கொழுந்தாகப் போய்விடும். பூத்த பிறகு மேகம் மூடி மழை தூறினால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும். மொச்சை இன்னொரு வகை. அது குளிரையும் பார்க்காது, தண்ணீரையும் அவ்வளவாகப் பார்க்காது. பகலின் நீளத்தைப் பார்க்கும். நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நமக்கு உறைக்காத அந்த வித்தியாசம் மொச்சைக்கு உறைக்கிறது. பகல் குறுகியதும் பூக்கிறது. பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு வைப்பது அந்தக் கொடியின் ஏற்பாடு. முருங்கையையும் மறந்துவிடக்கூடாது. மழை முடிகிற கையோடு அதன் தண்டில் கம்பளிப்புழு மொய்த்துக் கிடக்கும், வீட்டில் ஒரு சண்டையும் நடக்கும்: பந்தம் கொளுத்துவதா, மரத்தையே வெட்டுவதா என்று. வெட்டாதீர்கள். வெட்டினாலும் துளிர்க்கும், அது வேறு.

இனி பனி. பனி மேலிருந்து பெய்கிறது என்று நினைத்துத்தான் நம் வீட்டுப் பாட்டிமார் பிள்ளைகளின் தலையில் துண்டைக் கட்டிவிடுகிறார்கள். துண்டு நல்லது, காரணம் வேறு. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் தரையும் இலையும் வானத்துக்குத் திருப்பி விடுகின்றன. மேகம் இருந்தால் அது பூமிக்குப் போர்த்திய கம்பளி. சூடு திரும்பி வரும். மேகம் இல்லாத, காற்றும் அசையாத தை ராத்திரியில் தடுப்பில்லாமல் போய்விடும். வெளியில் இருக்கிற காற்றைவிடப் புல்லும் தகரமும் வைக்கோலும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கிற ஈரம் அவற்றின்மேல் துளியாக ஒட்டுகிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். திறந்த வாசலில் கிடந்த கட்டில் நனைந்திருக்கும். புளியமரத்தடியில் கிடந்த கட்டில் காய்ந்திருக்கும். மரம் வானத்தை மறைத்ததால் அந்தக் கட்டில் அவ்வளவு குளிரவில்லை. மாட்டை மரத்தடியில் கட்டுகிறவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலேயே தெரியும். ஆனால் இலை உதிர்த்த இலவின் அடியில் கட்டினால் அந்த லாபம் கிடையாது.

குளிர்ந்த காற்று கனம் கூடியது. மேகமலைச் சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீர் இறங்குகிற அதே வழியில், ஓடை ஓடையாக, இரவெல்லாம் கீழே இறங்கிப் பள்ளத்தில் தங்கும். அதனால் ஓடைக்கரை வீட்டில் இருப்பவர்கள் மேட்டு வீட்டுக்காரர்களைவிட அதிகமாக நடுங்குவார்கள். மேலே போகப் போகக் குளிரும் என்பது பகல் பாடம். தை விடியலில் சற்று தூரம்வரை அது தலைகீழாகும். கீழே குளிர், மேலே கதகதப்பு. இதற்கு நம் ஊரில் இரண்டு சாட்சி. ஒன்று, அடுப்புப் புகை. விடிகாலையில் கூரைக்கு மேலே கொஞ்சம் எழும்பி, அப்புறம் ஏற மனமில்லாமல் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும்தான் கலையும். இரண்டாவது, சத்தம். மார்கழி விடியலில் தொலைதூரத்துக் கோயில் ஒலிபெருக்கி நம் வாசலில் வைத்தது போலக் கேட்கிறதே, அதற்கு மின்வாரியமோ ஒலிபெருக்கிக்காரரோ பொறுப்பல்ல. குளிர்ந்த அடுக்குக்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று, மேலே போகிற ஒலியைத் திரும்பவும் தரைக்கு வளைத்துவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது என்பதும் தெரியும்.

வெயிலும் இந்த மாதங்களில் இடம் மாறும். நண்பகலில்கூடச் சூரியன் தெற்கே சரிந்திருப்பதால் மார்கழியில் மரத்தின் நிழல் வடக்கே நீளும். வீட்டுக்குத் தெற்கே பெரிய மரம் நின்றால் பனிக்காலத்தில் முற்றம் காயாது. நெல்லோ மிளகாயோ காயப் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். பகல் டிசம்பர் கடைசியிலேயே நீளத் தொடங்கினாலும் சூரிய உதயம் சனவரியின் இரண்டாம் பாதிவரை தள்ளிக்கொண்டே போகும். மாலைதான் முதலில் நீளுகிறது. நம் பள்ளத்தாக்கில் கிழக்கே ஒரு மலை, மேற்கே ஒரு மலை என்பதால் பஞ்சாங்கம் சொல்கிற உதயத்துக்கும் வாசலில் வெயில் விழுகிற நேரத்துக்கும் இடையே இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் ஊர் இருக்கிற இடத்தின் விசேஷம் ஒன்று: ஏறத்தாழ சித்திரைப் பிறப்பன்று, பகல் 12.20 மணியை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கம்பத்தின் நிழல் கம்பத்தடியிலேயே ஒடுங்கிவிடும். ஆண்டுப் பிறப்புக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேண்டுமா?

வீட்டு வாசலிலிருந்து மேற்கே நிமிர்ந்து பாருங்கள். மார்கழியில் மலை முழுக்கப் பச்சை. தையில் அடிவாரம் சாம்பல் நிறமாகும். மாசியில் அந்தச் சாம்பல் கோடு மேலேறும். அடிவாரத்து முட்காடு, அதற்கு மேலே இலையுதிர் காடு, உச்சியில் சோலைக்காடு என்று மலை அடுக்கடுக்காக இருப்பதால் வறட்சி படிப்படியாக ஏறுகிறது. உச்சிச் சோலை மட்டும் கருத்த பச்சையில் நிற்கும். அது இலையைக் கொட்டுவதில்லை, மேகத்திலிருந்தே ஈரம் வாங்கிக்கொள்கிறது. மூல வைகைக்குத் தண்ணீர் விடுவதும் அந்த உச்சிதான். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது புலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அந்தச் சாம்பல் கோட்டுக்கு மேலே இருக்கிற பச்சையையும் சேர்த்துத்தான் காக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பனிக்காலத்தில் உதிர்ந்த இலை மாசி கடைசியில் சருகு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேற வந்திருந்தவர்களில் இருபது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அந்த மாதத்தில் சரிவு எப்படி இருக்கும் என்பது இங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்: காய்ந்த போதைப்புல், அதன்மேல் சருகு, கீழிருந்து மேலே வீசுகிற பகல் காற்று. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது வெறும் அழகான மஞ்சள் புல். சாம்பல் கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் தேதி போட்டு எழுதியிருந்தால், எந்த வாரத்திலிருந்து மலையை மூட வேண்டும் என்று சொல்ல ஊரிடமே ஒரு ஆதாரம் இருந்திருக்கும்.

எழுதி வைப்பது என்றதும் பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் நார்ஃபோக் என்ற பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் தன் தோட்டத்தில் எந்த மரம் எப்போது துளிர்க்கிறது, எந்தப் பறவை எப்போது வருகிறது என்று குறிக்கத் தொடங்கினார். அவர் போன பிறகும் அந்தக் குடும்பம் 1958 வரை எழுதியது. ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரிப் பூ எப்போது முழுசாக மலர்ந்தது என்பதற்கு 812-ஆம் ஆண்டிலிருந்து குறிப்புகள் கிடைக்கின்றன. அரசவையில் இருந்தவர்கள் நாட்குறிப்பில் போகிற போக்கில் எழுதியவை. 2021-இல் மார்ச் 26 அன்றே மலர்ந்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இதுவே மிக முந்தியது என்று சொல்ல முடிந்ததற்கு அந்த நாட்குறிப்புகள்தான் காரணம். உலகம் சூடாகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுவது ஒரு வகை. ஒரு மரத்தின் தேதியைக் காட்டுவது இன்னொரு வகை.

நம்மிடம் அப்படி எழுதி வைத்தவர்கள் குறைவு. மனிதர்கள் எழுதாததைச் சில மரங்கள் எழுதியிருக்கின்றன. தேக்கு இலை உதிர்க்கிற மரம். உதிர்த்து நிற்கிற காலத்தில் வளர்ச்சி நின்று, தண்டுக்குள் ஒரு வளையக் கோடு விழும். புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத்துத் தேக்குகளின் வளையங்களை அளந்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளின் மழை வறட்சியைப் படித்தார்கள். நம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கத்து மரங்கள் அவை. ஆனால் வளையத்துக்கு ஆண்டு தெரியும், தேதி தெரியாது. எந்த வாரம் உதிர்ந்தது, எந்த வாரம் துளிர்த்தது என்பதை மனிதன்தான் எழுத வேண்டும்.

தமிழர்களில் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1950-லிருந்து 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே அக்கறையோடு சென்னையில் தன் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்த காக்கையையும் அணிலையும் எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார். வீட்டைச் சுற்றி இருப்பதே போதும் என்பதை அவரிடம் படித்தவர்கள் பல பேர். இப்போது பெங்களூரை மையமாக வைத்து 2010 முதல் சீசன்வாட்ச் என்ற ஒரு திட்டம் நடக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை அதே மரத்தில் இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் நாம் எழுதினால் ஒரே மழைக்கு இரண்டு பக்கத்து மரங்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இரண்டு வேலை சொல்லி முடிக்கிறேன். முதல் வேலை: உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ பக்கத்தில் ஒரே ஒரு இலவு, ஒரே ஒரு வேம்பு. பழைய நோட்டில் தேதி, பாதி இலை உதிர்ந்ததா, முழுசும் உதிர்ந்ததா, முதல் பூ, முதல் துளிர், அன்று காலையில் புல்லில் பனி இருந்ததா இல்லையா. அதற்குப் பக்கத்தில் உங்கள் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். மரத்தின் தேதியும் கிணற்றின் மட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இந்த நோட்டுக்கு மதிப்பு. ஒரு ஆண்டு எழுதினால் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு ஆண்டு எழுதினால் உங்கள் அப்பா உங்களிடம் கேட்க வருவார்.

இரண்டாவது வேலை பெரியவர்களுக்கும் சேர்த்து. சாலை அகலப்படுத்துகிறவர்களும் மின்கம்பி ஓரம் வெட்டுகிறவர்களும் பனிக்காலத்தில் ஒதியனையும் வாகையையும் பார்த்துப் பட்ட மரம் என்று குறி போட்டுவிடுவது உண்டு. வெட்டுக்கு ஆள் வந்தால், சின்னக் கொம்பு ஒன்றை ஒடித்துப் பாருங்கள், பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்து விரலில் ஈரம் ஒட்டினால் மரம் உயிரோடு இருக்கிறது. சித்திரைவரை பொறுக்கச் சொல்லுங்கள். உள்ளே பழுப்பாகச் சருகு போல இருந்தால் இன்னும் இரண்டு கொம்பைக் கீறிப் பார்த்துவிட்டு வெட்ட விடுங்கள். மேட்டுத் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒதியனை நாளைக்குக் காலையிலேயே யாராவது போய்ப் பார்ப்பது நல்லது. அதன் தண்டில் சிவப்பு பெயிண்டில் எண் எழுதியிருக்கிறார்கள்.